நடுவழியில் பைக் பஞ்சரானால்: குமரி மாவட்டச் சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை வண்டி ஓட்டுகிறவருக்குப் பஞ்சர் பெரிய கவலை இல்லை. ஊர் முடிந்து ஊர் தொடங்கும் சாலை அது. கொஞ்ச தூரம் தள்ளினால் ஏதோ ஒரு கடை வாசலில் பழைய டயர் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு நோக்கிப் போகும்போதோ, காளிகேசம் போகும் காட்டுப் பாதையிலோ, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவிலோ டயர் இறங்கினால் நிலைமை வேறு. மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் பல கடைகள் திறப்பதில்லை. குடும்பத்தோடு கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிற வழியில் நின்றுவிட்டால், கையில் இருக்கும் சாமானும் கொஞ்சம் பழக்கமும்தான் துணை.

ஓட்டையை அடைப்பது கஷ்டமான வேலையே இல்லை. ஓட்டை ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பதும், ஒட்டும்போது அவசரப்படாமல் இருப்பதும்தான் வேலையில் பாதிக்கு மேல். சாலையோரம் ஒட்டிய பஞ்சர் இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கினால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் விட்டிருப்பார்கள்.

ஓடும்போதே இறங்கினால்

பின் டயர் இறங்கினால் வண்டியின் வால் பக்கம் ஆடும். முன் டயர் இறங்கினால் ஹேண்டில் கனக்கும், வளைக்க நினைத்த இடத்தில் வளையாது. இரண்டிலும் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விடுங்கள். காற்று இறங்கிய சக்கரத்தின் பிரேக்கைத் தொடாதீர்கள். பின் டயர் போனால் முன் பிரேக்கை இலேசாகப் பிடியுங்கள், முன் டயர் போனால் பின் பிரேக்கை. ஹேண்டிலை நேராக வைத்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள்.

எங்கே நிற்கிறீர்கள் என்பது முக்கியம். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் சாலை குறுகலாகவும் வளைந்து வளைந்தும் போகும். பஸ்ஸும் லாரியும் ஓயாமல் வரும். வளைவில் உட்கார்ந்து டயரைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. ஏதாவது வீட்டு வாசலுக்கோ, சந்துக்கோ, கடைத் திண்ணைக்கோ தள்ளிப் போய்விடுங்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இறங்கினால் அங்கே நின்று ஒட்டப் பார்க்காதீர்கள். ஓரமாகத் தள்ளிக்கொண்டு கீழே இறங்குவதே பாதுகாப்பு. இரவானால் இண்டிகேட்டரை எரிய விடுங்கள், இன்னொருவர் கூட இருந்தால் கொஞ்சம் முன்னால் செல்போன் டார்ச்சோடு நிற்கட்டும்.

ட்யூப் வண்டியாக இருந்தால் ஏறி ஓட்டாதீர்கள். நூறு மீட்டர்கூட வேண்டாம். காற்றில்லாத டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றும், அதோடு ட்யூப்பும் இழுபட்டு வால்வு அடியோடு கிழியும். ஒரு சின்ன ஆணி ஓட்டைக்குப் பதிலாக முழு ட்யூப்பையும் மாற்ற வேண்டி வரும். ட்யூப்லெஸ் டயரில் இன்னும் கொஞ்சம் காற்று இருந்தால், தனியாளாக, மெதுவாக, அருகிலுள்ள நல்ல இடம்வரை போகலாம். முழுதாக இறங்கிவிட்டால் அதையும் தள்ளத்தான் வேண்டும்.

ட்யூப்பா, ட்யூப்லெஸ்ஸா?

இது தெரியாமல் கிட் வாங்கி வைத்திருப்பவர்கள் நிறைய. கம்பிச் சக்கரம் என்றால் அநேகமாக ட்யூப்தான். அலாய் வீல் என்பதால் மட்டும் ட்யூப்லெஸ் ஆகிவிடாது. அலாய் வீலும் உள்ளே ட்யூப்புமாகப் பல வருடங்கள் வண்டிகள் விற்பனையாகியிருக்கின்றன. டயரின் பக்கச் சுவரில் ட்யூப்லெஸ் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வால்வைப் பாருங்கள். ரிம்மிலிருந்து வெளியே வரும் இடத்தில் நட்டு போட்டு இறுக்கிய இரும்புத் தண்டு என்றால் பொதுவாக ட்யூப், ரிம் ஓட்டையில் கனமான ரப்பராகவே பொருந்தியிருந்தால் ட்யூப்லெஸ். ட்யூப்லெஸ் டயருக்குள் யாராவது ட்யூப் போட்டிருப்பதும் உண்டு. பழைய வண்டி வாங்கியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டுக்கு அடியில் என்ன இருக்க வேண்டும்

ட்யூப்லெஸ்ஸுக்கு: சொரசொரப்பான கம்பி ஒன்று, காது உள்ள ஊசி ஒன்று (இரண்டும் கைப்பிடியோடு கிட்டிலேயே வரும்), ஐந்தாறு ஸ்ட்ரிப் (ஓட்டைக்குள் திணித்து அடைக்கும் ரப்பர் திரி), சொல்யூஷன் (ரப்பரை ஒட்டும் பசை), கட்டிங் பிளேயர், பிளேடு. ட்யூப்புக்கு: டயர் லீவர் (டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கும் தட்டைக் கம்பி) மூன்று, பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், வால்வு பின்னை (வால்வுக்குள் இருந்து காற்றைத் தடுக்கும் சிறு ஊசி) கழற்றும் சாவி, உங்கள் வண்டியின் ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர். முடிந்தால் அளவுக்கேற்ற புது ட்யூப் ஒன்று. இரண்டுக்கும் பொது: பம்பு, காற்று அளவு பார்க்கும் கேஜ், பழைய துணி, ஒரு பால்பாயின்ட் பேனா.

பம்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். சைக்கிளுக்கான சின்னக் கைப்பம்பு பைக் டயரை நிரப்ப வெகு நேரம் எடுக்கும். கால் பம்பு நல்லது. பேட்டரியில் இயங்கும் சின்ன கம்ப்ரசர் இன்னும் வசதி, ஆனால் அதைச் சார்ஜ் செய்து வைத்திருக்க வேண்டும்.

சொல்யூஷனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருமுறை மூடி திறந்த ட்யூபில் மிச்சம் இருப்பது சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். வெளியே பார்த்தால் நிறைவாகத் தெரியும், அமுக்கினால் ஒன்றும் வராது. விலை மிகக் குறைவு. இரண்டு வாங்கி, ஒன்றைத் திறக்காமலே வைத்திருங்கள்.

ட்யூப்லெஸ் டயரை ஒட்டுவது

முதலில் ஆணியைத் தேடுங்கள், ஆனால் பிடுங்காதீர்கள். ஆணி உள்ளே இருக்கும்வரை அதுவே பாதி அடைப்பு. காற்று மெதுவாகத்தான் கசிகிறது, கடை பக்கத்தில்தான் இருக்கிறது என்றால், காற்றை நிரப்பிக்கொண்டு ஆணியோடு மெதுவாகக் கடைக்குப் போவதே நல்ல முடிவு. பிடுங்கிய பிறகு திரும்ப வழியில்லை.

ஆணி கண்ணுக்குத் தெரியாவிட்டால் காற்றை நிரப்பி, சக்கரத்தைச் சுற்றிக் காதை வைத்துக் கேளுங்கள். சாலையில் வண்டிச் சத்தம் இருந்தால் கேட்காது. அப்போது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. சோப்புத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்து வறண்ட நிலத்தில் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் குத்தும். அது டயரின் மட்டத்தோடு முறிந்து நிற்பதால் விரலால் தடவினாலும் தட்டுப்படாது. அங்கே குமிழை நம்புங்கள்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். சாலையில் பதியும் பகுதியில், சாதாரண ஆணி அளவில் இருந்தால் ஒட்டலாம். பக்கச் சுவரில் இருந்தால் ஸ்ட்ரிப் போடக் கூடாது. வண்டி ஓடும்போது அந்த இடம் மடங்கி மடங்கி விரியும், ஸ்ட்ரிப் நிற்காது. ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, கீறலாகக் கிழிந்திருந்தாலோ வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

சாமான்களை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வையுங்கள். ஊசியின் காதில் ஸ்ட்ரிப்பைப் பாதிவரை கோத்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க விட்டுத் தயாராக வைத்த பிறகே ஆணியைப் பிடுங்குங்கள். எந்தச் சாய்வில் ஆணி போயிருந்ததோ அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதே சாய்வில் சொரசொரப்பான கம்பியை உள்ளே விட்டு, மேலும் கீழுமாக நன்றாக அறுப்பதுபோல் இழுங்கள். இரக்கமே பார்க்க வேண்டாம். ஓட்டையின் உள்சுவர் சொரசொரப்பானால்தான் ஸ்ட்ரிப் பிடிக்கும். கம்பியில் சொல்யூஷன் தடவி மறுபடி விட்டால் உள்ளேயும் பரவும்.

ஸ்ட்ரிப்பிலும் கொஞ்சம் சொல்யூஷன் தடவி, உடல் எடையைக் கொடுத்து ஊசியை அழுத்துங்கள். ஸ்ட்ரிப்பின் இரண்டு நுனியும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்போது நிறுத்துங்கள். பிறகு ஊசியைத் திருகாமல், நேராக, வேகமாக ஒரே இழுப்பில் இழுங்கள். மெதுவாக இழுத்தால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை 2, 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் உள்ளே போய்விட வாய்ப்பு உண்டு.

காற்றை நிரப்பித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழ் வந்தால் அதே ஓட்டையில் இன்னொரு ஸ்ட்ரிப் போடலாம். இரண்டுக்கும் நிற்கவில்லை என்றால் மூன்றாவதற்குப் போகாதீர்கள்.

முழுக் காற்றும் போய் டயர் ரிம்மிலிருந்து நழுவியிருந்தால் கைப்பம்பு உதவாது. அடிக்கிற காற்றெல்லாம் இடுக்கு வழியாகப் போய்விடும். அதற்குக் கடை கம்ப்ரசரின் வேகம் வேண்டும்.

ட்யூப் டயரை ஒட்டுவது

நேரமும் பொறுமையும் கேட்கிற வேலை இது. நம் ஊரில் ஓடும் சாதாரண வண்டிகளில் இன்னும் ட்யூப் நிறைய இருப்பதால் விரிவாகவே பார்க்கலாம்.

சென்டர் ஸ்டாண்டு இருந்தால் கெட்டியான தரையில் போடுங்கள். மழைக்காலத்துச் செம்மண் ஓரத்தில் ஸ்டாண்டு புதையும், அடியில் ஒரு பலகையோ தட்டையான கல்லோ வையுங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் சைடு ஸ்டாண்டு போட்டு, முன் பிரேக் லீவரைத் துணியால் இறுக்கிக் கட்டி, மறுபக்கம் ஃபிரேமுக்கு அடியில் கல் அடுக்கிச் சக்கரத்தைத் தூக்கலாம். சைலன்சருக்கு அடியில் முட்டுக் கொடுக்காதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியையே காற்று தள்ளிவிடும். சக்கரம் தூக்கிய வண்டி இன்னும் எளிதாகச் சாயும். ஒரு சுவரின் மறைவுக்குக் கொண்டு போய்விட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சக்கரத்தைக் கழற்ற வேண்டுமா? ட்யூப்பை மாற்றுவதென்றால் கழற்றியே ஆக வேண்டும். ஒட்டுவது மட்டும் என்றால், ஆணி இருக்கும் இடம் தெரிந்திருந்தால், கழற்றாமலே முடிக்கலாம். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து, அந்த இடத்து ட்யூப்பை வெளியே இழுத்து ஒட்டிவிட்டுத் திரும்பத் திணிப்பது. கடைக்காரர்கள் பாதி நேரம் இப்படித்தான் செய்கிறார்கள். பின் சக்கரத்தில் செயின் இல்லாத பக்கத்தில் வேலை செய்யுங்கள். பல வண்டிகளில் சைலன்சர் அந்தப் பக்கம்தான் இருக்கும், அது ஆறும்வரை காத்திருங்கள்.

கழற்றுவதென்றால் பிரேக் ராடு நட்டு, பிரேக் டிரம்மைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டு, அப்புறம் ஆக்ஸில் நட்டு என்று போகலாம். ஆக்ஸிலை உருவும்போது வரும் புஷ், வாஷர் எல்லாம் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கழற்றியதைத் துணி விரித்து அதன்மேல் வையுங்கள். புல்லில் விழுந்த வாஷர் கிடைக்காது.

ஆணி இருந்த இடத்துக்கு நேராக டயரில் பேனாவால் ஒரு குறி போடுங்கள். வால்வு பின்னைக் கழற்றி முழுக் காற்றையும் வெளியேற்றுங்கள். வால்வு நட்டையும் தளர்த்துங்கள். குதிகாலால் ரிம்மை ஒட்டி டயரை மிதித்துச் சுற்றிலும் ரிம்மிலிருந்து பிரித்து விடுங்கள்.

இனி லீவர். ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. டயரின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்கினால் எதிர்ப்பக்கம் தளரும். வால்வு இருக்கும் இடத்தில் ட்யூப்பின் தடித்த அடிப்பகுதி தடுப்பதால் விளிம்பு பள்ளத்தில் இறங்காது. அதனால் வால்வுப் பக்கம் லீவர் போட்டு, எதிர்ப்பக்கத்தை முழங்காலால் பள்ளத்துக்குள் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்தவர்க்கு டயர் தானே வழிவிடும், தெரியாதவர் லீவரோடு மல்லுக்கட்டி ரிம்மை வளைப்பார். இரண்டு அங்குலத்துக்கு ஒரு லீவர் என்று சிறிது சிறிதாகப் போங்கள். லீவரை ஆழமாக விட்டால் ட்யூப்பைக் கடிக்கும்.

ட்யூப்பை வெளியே எடுத்ததும் வால்வு பின்னைப் போட்டுக் கொஞ்சம் காற்றடியுங்கள். கன்னத்துக்கு அருகில் ட்யூப்பை நகர்த்தினால் கசியும் காற்று தோலில் சில்லென்று படும். அப்படியும் தெரியாவிட்டால் பக்கத்தில் கால்வாயோ குளமோ இருக்கும், நம் மாவட்டத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அமுக்கிப் பார்த்து, ஓட்டையைச் சுற்றிப் பேனாவால் நீளமாகக் கூட்டல் குறி போடுங்கள். சின்ன வட்டம் போட்டால் உப்புத்தாள் தேய்க்கும்போதே அழிந்துவிடும்.

ஓட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் ஆணி அல்லது முள். அருகருகே இரண்டு சிறு கீறல் என்றால் காற்று குறைவாக இருந்து, குழியில் இறங்கி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியிருக்கிறது. ரிம்மை ஒட்டிய உள்பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக்ஸின் நுனியோ துருவோ குத்தியிருக்கிறது. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடற்கரைச் சாலையில் தினமும் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று ரிம்மை உள்ளேயே தின்றிருக்கும். ரிம்மைச் சுற்றிய ரப்பர் பட்டை கிழிந்தோ நகர்ந்தோ இருந்தால் சரி செய்யாமல் ட்யூப்பைத் திரும்பப் போடாதீர்கள். வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் பேட்ச் நிற்காது, புது ட்யூப்தான்.

இப்போது டயருக்குள் தேடுங்கள். எல்லாரும் விட்டுவிடுகிற வேலை இதுதான். “ஒட்டுத அவசரத்துல குத்துனத எடுக்க மறந்துராத மக்ளே” என்று நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொல்வார். துணியை டயரின் உள்பக்கம் சுற்றிலும் மெதுவாக இழுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே எதிரி. வெறும் விரலை வேகமாக ஓட்டாதீர்கள், கிழித்துவிடும். மீன்பிடித் துறைமுகப் பக்கம் என்றால் தூண்டில் முள்ளாகக்கூட இருக்கலாம். ஒன்றை எடுத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் போய் வாருங்கள்.

ட்யூப்பில் ஓட்டையைச் சுற்றி, பேட்சைவிடக் கொஞ்சம் அகலமாக உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்ததுபோல் மங்க வேண்டும். ட்யூப்பின் நடுவில் ஓடும் தையல் கோடு பேட்சுக்குள் வந்தால் அதையும் மட்டமாகத் தேயுங்கள், அந்த மேட்டு வழியாகத்தான் காற்று பிறகு கசியும். தூசியைத் துடைத்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். தாராளமாகத் தடவினால் நன்றாக ஒட்டும் என்று நினைப்பது தவறு.

தடவிவிட்டுக் காத்திருங்கள். ஈரப் பளபளப்பு மறைந்து, புறவிரலால் தொட்டால் விரலில் ஒட்டாமல் இலேசாகப் பிடித்து விடுகிற பதம் வர வேண்டும். வெயிலில் ஐந்து நிமிடத்தில் வரும். ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்தை நனைக்கும். அந்த ஈரக் காற்றில் இரட்டிப்பு நேரம்கூட ஆகலாம். மழைத் துளி ஒன்று பட்டாலும் துடைத்து, தேய்த்து, மறுபடி தடவ வேண்டியதுதான். அதனால் மழை என்றால் பஸ் நிறுத்தத்துக்குள்ளோ திண்ணையிலோ ஏறி நின்று இந்த ஒரு கட்டத்தை முடியுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் அதில் படியும்.

பேட்சின் பின்தாளை உரியுங்கள். உரித்த பக்கத்தை விரலால் தொடக் கூடாது. ஓட்டைக்கு நேர் நடுவில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கி, லீவரின் உருண்டைப் பக்கத்தால் பலமாக உருட்டுங்கள். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரிக்க வேண்டியதில்லை, உரிக்கப் போய்ப் பேட்சின் ஓரம் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

திரும்ப மாட்டுவது

ட்யூப்பில் உருவம் வருகிற அளவு மட்டும் காற்றடித்து, முறுக்கில்லாமல் உள்ளே திணியுங்கள். கழற்றியதற்கு நேர்மாறாக, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, கடைசியில் வால்வுப் பக்கத்தில் முடியுங்கள். முடிந்தவரை கையாலும் முழங்காலாலும் தள்ளுங்கள். கடைசி ஒரு சாண் மட்டும் இறுகும். அங்கே சோப்புத் தண்ணீரோ வெறும் தண்ணீரோ தடவி, லீவரால் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். இஞ்சின் ஆயிலும் கிரீஸும் தடவாதீர்கள், ரப்பரைக் கெடுக்கும். ஒட்டிய ட்யூப்பில் புது ஓட்டை விழுவது இந்தக் கடைசிச் சாணில்தான்.

ஏறியதும் வால்வைக் கட்டைவிரலால் உள்ளே ஒருமுறை தள்ளி இழுங்கள், டயரின் விளிம்புக்கு அடியில் ட்யூப் மாட்டியிருந்தால் விடுபடும். பாதிக் காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும், அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே இடைவெளியில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். பின்னால் டயர் வழுக்கினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும், ட்யூப் கிழியும் முன்பே நீங்கள் பார்த்துவிடலாம்.

காற்றின் அளவு ஒவ்வொரு வண்டிக்கும் மாறும். செயின் கவரிலோ அதன் அருகிலோ ஸ்டிக்கர் இருக்கும். சாதாரண வண்டிகளுக்கு முன்னால் 25 பி.எஸ்.ஐ., தனியாளுக்குப் பின்னால் 28, 29 என்பது பொதுவான அளவு. பின்னால் ஆள் ஏறினால் அதைவிட அதிகம் வேண்டும். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் செயின் தளர்வையும் பிரேக்கையும் பார்க்காமல் ஏறாதீர்கள். பிரேக்கை நான்கைந்து முறை மிதித்துப் பிடிக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஆக்ஸில் நட்டை முழு பலத்தோடு இறுக்குங்கள்.

அதன் பிறகு

ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, டயரை அமுக்கிப் பாருங்கள். அன்று முழுவதும் வேகம் வேண்டாம், கூட இருப்பவரை முடிந்தால் பஸ்ஸில் அனுப்புங்கள்.

வெளியிலிருந்து போட்ட ஸ்ட்ரிப் தற்காலிக ஏற்பாடுதான். டயரைக் கழற்றி, உள்பக்கமிருந்து காளான் வடிவப் பேட்ச் போடுவதே நிரந்தரம். பின் டயரில் ஸ்ட்ரிப்போடு வெகுநாள் ஓட்டுபவர்கள் உண்டு, அதிலும் வாரம் ஒருமுறையாவது காற்றுப் பார்க்க வேண்டும். முன் டயரில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். முன் டயர் திடீரென்று இறங்கினால் வண்டியைப் பிடிக்க முடியாது, நேராகக் கடைக்குப் போங்கள். பஞ்சர் வராமல் இருக்க ஊற்றும் திரவம் உள்ளே இருந்தால் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கழுவித் துடைக்காமல் எந்தப் பேட்சும் பிடிக்காது.

மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள். நேற்று அடித்த அளவு அப்படியே இருந்தால் ஒட்டு பிடித்திருக்கிறது. குறைந்திருந்தால் உடனே பேட்சைச் சந்தேகப்படாமல், வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழ் வந்தால் வால்வு பின்னைச் சாவியால் கால் சுற்று இறுக்கினாலே நிற்கும். நிற்காவிட்டால் புது வால்வு பின் ஒன்று போட்டுவிடுங்கள்.